நட, நடத்து, நடத்துவி

இந்தியில் 'கூம்னா' என்றால் சுற்றுதல். 'குமானா' என்றால் சுற்ற அழைத்துச் செல்லுதல். 'கும்வானா' என்றால் அதை இன்னொருவரைக் கொண்டு செய்வித்தல். தில்லி, நொய்டா, குருகிராம் அடுக்ககங்களில் கொழுத்துவரும் லாப்ரடார்களைப் புரிந்துகொள்ள இம்மூன்று வினைகளே போதும். நாய் சுற்றுகிறது, மாதச் சம்பளத்துக்கு அமர்ந்தவர் சுற்ற அழைத்துச் செல்கிறார், வளர்ப்பவர் அதைச் செய்விக்கிறார். உணவுத்தட்டு மட்டும் மூன்றாமவர் கையில் இருக்கிறது.

நாயின் எடையைக் குறைக்க 'நன்றாக நடக்க வையுங்கள்' என்பதே எங்கும் கிடைக்கும் அறிவுரை. அது பொய்யன்று, போதாது. 30 கிலோ எடையுள்ள நாய் 3 கிலோமீட்டர் நடந்தால் செலவாவது ஏறக்குறைய 100 கலோரி. நெய் தடவிய ஒரு சப்பாத்தி அக்கணக்கை நேர்செய்துவிடும். அதிலும் காலையில் கீழே இறங்கிச் சிறுநீர் கழித்து, மரத்துக்கு மரம் மோந்து, 15 நிமிடத்தில் மேலேறும் சடங்குக்கு உடற்பயிற்சி என்ற பெயர் பொருந்தாது. (மோந்து பார்ப்பதும் நாய்க்குத் தேவைதான், அது வேறு கணக்கு.)

லாப்ரடாரின் பசி வெறும் பேராசையும் அன்று. அவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் 'பாம்க்' என்னும் மரபணுவில் ஒரு சிறு பகுதி இல்லை என்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அத்தகைய நாய் எப்போதும் பசியோடிருக்கிறது; ஓய்வில் எரிக்கும் ஆற்றலும் குறைவு. அதன் கெஞ்சும் பார்வையை அன்பின் மொழியாக வாசிப்பது பிழையான மொழிபெயர்ப்பு. 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுதும் தொடர்ந்து, 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 25 விழுக்காடு குறைவாக உண்டவை மற்றவற்றைவிட ஏறத்தாழ 2 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன; மூட்டுநோயும் அவற்றைத் தாமதமாகவே பற்றியது.

எனவே அளந்த உணவு முதலில், நடை அதனோடு. 40 கிலோ நாய் வாரத்துக்கு 400 முதல் 800 கிராம் வரை குறைந்தால் அது நல்ல வேகம். பருத்த நாயைத் திடீரென ஓடவிட்டால் மூட்டுகள்தான் விலை கொடுக்கும். சமதளத்தில் மெதுவாகத் தொடங்கி, வாரந்தோறும் சில நிமிடங்களைக் கூட்டுவதே முறை. மே மாதத் தில்லியில் கதிர் ஏறுமுன் நடை முடிந்துவிடவேண்டும். தொலைக்காட்சி விளம்பரத்தால் புகழ்பெற்ற பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு வெயிலில் செய்யும் பயிற்சி உயிராபத்து. பூங்காவின் வாயிலில் 'நாய்களுக்கு அனுமதியில்லை' என்று பலகை மாட்டும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. அத்தகைய தடை கூடாதென இந்திய விலங்குநல வாரியம் 2015லேயே அறிவுறுத்தியிருக்கிறது.

ஆயினும் மையமான சிக்கல் அந்த இரண்டாம் வினையில்தான் இருக்கிறது. நாய் எந்தத் திருப்பத்தில் இளைக்கத் தொடங்குகிறது, எந்தக் காலை நொண்டுகிறது, நேற்றைவிட இன்று எத்தனை முறை உட்கார்ந்தது என்பதெல்லாம் வாரைப் பிடித்திருப்பவருக்கே தெரியும். 'ஐயா, பிஸ்கட்டைக் குறையுங்கள்' என்று சொல்லும் உரிமை மட்டும் அவருக்குத் தரப்படவில்லை. சொன்னால் வேலை போகலாம் என்ற அச்சம் வேறு. எடைக் குறிப்பேட்டை அவரிடம் ஒப்படைத்து, உணவளவை முடிவு செய்வதில் அவரையும் சேர்ப்பது செலவில்லாத சிகிச்சை. ஆனால் மருத்துவமனையில் நாயோடு வந்து நிற்பவர் அவராகவே இருந்தாலும், மருத்துவரின் கேள்விகள் பெரும்பாலும் வளர்ப்பவரின் கைப்பேசிக்கே போகின்றன.