‘தமிழும்’ அரசகரும மொழி

2017இல் கட்டலோனியாவில் வாக்கெடுப்பு நடந்தபோது நம்மவர் பலர் பிரிவினை பற்றியே எழுதினர், நானும் எழுதினேன். அம்மக்களின் பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதியிருக்க வேண்டும் என இப்போது தோன்றுகிறது.

பிராங்கோவின் ஆட்சியில் (1939-1975) கட்டலான் மொழி வகுப்பறையிலிருந்தும் அரச அலுவலகங்களிலிருந்தும் அகற்றப்பட்டது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதற்கு வழிவிட்டது. 1983இல் கட்டலோனிய நாடாளுமன்றம் மொழிச் சட்டத்தை ஓர் எதிர்வாக்குமின்றி நிறைவேற்றியது. அக்காலத்திலேயே பார்சலோனாவை அடுத்த சாந்தா கொலோமா நகரில் கட்டலான் வழியே கற்பிக்கும் வகுப்புகள் தொடங்கின. அவற்றைக் கோரியவர்கள் பிழைப்புத் தேடி அங்கு குடியேறிய, ஸ்பானிய மொழி பேசும் தொழிலாளர் குடும்பத்தினர் என்பதே வியப்பு. அந்த மொழி தெரியாவிட்டால் தம் பிள்ளைகள் பின்தங்கிவிடுவர் என அவர்கள் கருதினர். சட்டத்துக்குப் பின்னே அலுவலகமும் தொழிலும் இருந்தன. சர்ச்சை இன்னும் ஓயவில்லை; பாடங்களில் 25 வீதமேனும் ஸ்பானிய மொழியில் இருக்க வேண்டும் என 2020இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம், சிங்களம் அரசகரும மொழி என்ற வாசகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. அந்த ‘உம்’மைப் பெற 1956இலிருந்து 31 ஆண்டுகள் சென்றன! புதிதாகச் சேரும் அரச ஊழியர் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்ற மொழியையும் கற்க வேண்டும் என 2007இல் சுற்றுநிருபம் வந்தது. ஆயினும் தமிழருக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் வருகிறது என்ற முறைப்பாடு நின்றபாடில்லை.

குச்சவெளிக்கு வடக்கே உள்ள திரியாயை எண்ணிப் பாருங்கள். 1985இல் வீடுகள் எரிக்கப்பட்டு ஊர்மக்கள் அகதிகளாயினர். மீண்டவர்கள் வந்தது பல ஆண்டுகளின் பின்னரே. அவ்வூர் மலையில் பழைய பௌத்த தூபியொன்று உண்டு. அருகிலுள்ள பாறைக் கல்வெட்டின் மொழி சமஸ்கிருதம். எழுத்தோ தென்னிந்தியக் கிரந்த வகை. பல கரையினர் வந்துபோன துறை அது. இன்று அம்மலையைச் சூழ்ந்த காணிகளே தகராறுக்குரியவை. கிழக்கின் தொல்பொருள் மரபுரிமைக்கென 2020இல் ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, பெரும்பான்மையோர் தமிழ் பேசும் அம்மாகாணத்துக்கு ஒரு தமிழரோ முஸ்லிமோ அதில் நியமிக்கப்படவில்லை.

திரியாய் விவசாயிக்கு அவர் வயலின் எல்லை பற்றிய கடிதம் தமிழில் கிடைக்க வேண்டும். அவர் விளக்கம் கேட்கச் செல்லும் மேசையில் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.