பூசாரியைக் கேட்காத திட்டங்கள்

மதம் வளர்ச்சிக்குத் தடை என்பது வளர்ச்சியியல் படித்தவர்களின் வாயில் ஊறிப்போன வாக்கியம். அண்மையில் ஒரு பல்கலைக்கழகக் கருத்தரங்கில் ஏழ்மைக்கான காரணங்கள் என்று ஒரு பட்டியலைத் திரையில் போட்டார்கள். எழுத்தறிவின்மை, ஊட்டச்சத்துக் குறைவு ஆகியவற்றோடு ‘மதம்’ என்ற ஒற்றைச் சொல்லும் அதில் இருந்தது. ஆய்வு மாணவர்கள் தலைகுனிந்து எழுதிக்கொண்டார்கள். எந்த மதம், எந்த ஊரில், யாருக்குத் தடையானது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் பாலித் தீவைப் பற்றி யாராவது சொல்லியிருக்கலாம்.

பாலியின் மலைச்சரிவு வயல்களில் பாசனத்தை நடத்துவது சுபக் என்ற உழவர் சங்கம். ஒவ்வொரு வயலிலும் தண்ணீர் நுழையும் மடையருகே ஒரு சின்னஞ்சிறு சன்னிதி உண்டு. கால்வாயின் குறுக்கே கிடக்கும் மரக்கட்டையில் வெட்டிய பள்ளத்தின் அகலம்தான் ஒருவருடைய தண்ணீர்ப் பங்கு. சுபக்குகள் நீர்க்கோயில்களில் கூடி, எந்தச் சரிவு எப்போது நடுவது, எது எப்போது தரிசாகக் கிடப்பது என்று முடிவு செய்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, பத்தூர் ஏரியின் தெய்வமான தேவி தானுவின் கோயில். தண்ணீர் அவளுக்குச் சொந்தம். ஆகவே மேல்மடைக்காரர் தன் இஷ்டத்துக்குத் தேக்கிக்கொள்ள முடியாது.

1970களில் பசுமைப் புரட்சி அங்கே வந்தது. ஆண்டு முழுவதும் நடலாம், கோயில் நாள்காட்டி தேவையில்லை என்றார்கள் அதிகாரிகள். முதலில் விளைச்சல் கூடியது. பிறகு வந்தது நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான். அந்தப் பூச்சி என்ன செய்யும் என்று தஞ்சை உழவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைத் தாங்கும் என்று ஐ.ஆர்.36 நெல் ரகத்தைக் கொடுத்தார்கள். அந்த ரகத்தைத் துங்ரோ என்ற வைரஸ் நோய் தாக்கியது. உழவர்கள் கோயில் முறையைத் திரும்பக் கேட்டார்கள். அது பழமைவாதம் என்று ஒதுக்கப்பட்டது. 1979ல் ஆசிய வளர்ச்சி வங்கி பாலிப் பாசனத் திட்டத்தோடு நுழைந்தபோதும் நீர்க்கோயிலைத் திட்ட வரைபடத்தில் சேர்க்கவில்லை. பொறியாளர்களுக்கு அது வழிபாட்டு இடம், அவ்வளவுதான்.

மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து இரண்டு ஆறுகளின் பாசனத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு சுபக்கும் தனித்தனியே நட்டால் பூச்சி தின்றது. எல்லாரும் ஒரே நாளில் நட்டால் தண்ணீர் பற்றவில்லை. கோயில்கள் வகுத்திருந்த அளவில் சேர்ந்து நட்டபோதுதான் விளைச்சல் மிக நன்றாக இருந்தது. ஒரு பரப்பு முழுவதும் ஒரே காலத்தில் தரிசாகக் கிடந்தால் புகையானுக்கு இரை கிடைக்காது. மேல்மடைக்காரர் கீழ்மடைக்காரருக்குத் தண்ணீர் விடுவதில் அவருக்கும் லாபம் இருந்தது: அங்கே பூச்சி பெருகினால் இங்கேயும் வரும். 1988ல் வங்கியின் சொந்த மதிப்பீடே கோயில் முறையைப் புறக்கணித்தது தவறு என்று ஒப்புக்கொண்டது. 2012ல் யுனெஸ்கோ சுபக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. இடைப்பட்ட காலத்தில் விளைச்சலை இழந்தவர்கள் உழவர்கள். திட்டம் எழுதிய ஆலோசகர்களுக்குச் சம்பளம் குறையவில்லை.

மதம்தானே சாதியைக் காத்தது என்று சொல்லி வாயடைப்பார்கள். அதற்காகவே மதத்தைப் படிக்க வேண்டும். 1888ல் நாராயண குரு அருவிப்புறத்தில் சிவலிங்கத்தை நிறுவினார். அந்த உரிமை மறுக்கப்பட்ட ஈழவச் சாதியில் பிறந்த ஒருவர் அதைச் செய்ததை விட்டுவிட்டுக் கேரளத்தின் பள்ளிகளைப் பற்றியும் எழுத்தறிவைப் பற்றியும் எப்படி எழுதுவது?

மதத்தைப் பார்க்க மறுக்கும் கண்மூடித்தனம் உயிரையும் எடுத்திருக்கிறது. 2014ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, பாதுகாப்பு உடை அணிந்தவர்கள் பிரார்த்தனைகூட இல்லாமல் சடலத்தைப் பையில் கட்டித் தூக்கிப்போனார்கள். குடும்பங்கள் சடலங்களை ஒளித்தன, இரவில் புதைத்தன, தொற்று பரவியது. அந்த நவம்பரில்தான் உலக சுகாதார நிறுவனம் இஸ்லாமிய, கிறிஸ்தவ அமைப்புகளுடன் கலந்தாலோசித்துப் புதிய நெறிமுறை வெளியிட்டது. தண்ணீரால் குளிப்பாட்டுவதற்குப் பதிலாகத் தயம்மும், வெள்ளைக் கஃபன் துணி, இமாமோ போதகரோ நின்று சொல்லும் பிரார்த்தனை ஆகியவை அதில் இடம்பெற்றன. தண்ணீர் இல்லாதபோது மண்ணால் தூய்மை செய்யலாம் என்பது இஸ்லாமியச் சட்டம் அறிந்தவர்களுக்கு அரிச்சுவடி. முதல் மாதமே ஒரு இமாமைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

இப்போது வேறொரு வழக்கம் வந்திருக்கிறது. தடுப்பூசிக்கும் கழிப்பறைக்கும் மதத் தலைவர்களை ஒலிபெருக்கியாகப் பயன்படுத்துகிறார்கள். முடிவு தலைநகரில் எடுக்கப்படும். அறிவிக்க மட்டும் மௌல்வியும் பாதிரியாரும் வேண்டும். இதுவும் அதே அவமதிப்புதான். இறையியலோ, வளர்ச்சி என்றால் என்ன என்பதையே கேள்வி கேட்கும். பெரு நாட்டுக் குருவானவர் குஸ்தாவோ குத்தியெரெஸ் 1971ல் விடுதலை இறையியல் நூலை வெளியிட்டபோது, ஏழை நாடுகளுக்கு வேண்டியது வளர்ச்சியா விடுதலையா என்றுதான் கேட்டார். ஜூபிலி 2000 இயக்கம் ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யும் கோரிக்கையை விவிலியத்தின் லேவியராகமம் சொல்லும் ஜூபிலி ஆண்டிலிருந்து எடுத்தது. 1998ல் பர்மிங்காமில் ஜி8 தலைவர்கள் கூடியபோது அந்தக் கோரிக்கையோடு பல்லாயிரம் பேர் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். பொருளியல் துறைகள் கூட்டிய கூட்டம் அல்ல அது.

வளர்ச்சியியல் துறைகள் இத்தனைக்குப் பிறகும் மதத்தைப் பண்பாடு என்ற தலைப்பின் மூலையில் ஒரு வகுப்போடு முடித்துவிடுகின்றன. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. மதரசாக்களும் மடங்களும் எங்கும் இருக்கின்றன. அடுத்த பாடத்திட்டக் குழு கூடும்போது அங்கிருந்து ஒருவரையாவது உறுப்பினராக அழையுங்கள். பாலியின் பாசனத்தை முதல் பாடமாக வையுங்கள்.