சட்டம் நம் பக்கம்: ஊதியதில் 86... வக்கீலுக்கு 25 ஆயிரமா?

'மேடம், நாங்கள் திண்டிவனத்தில் இருக்கிறோம். என் கணவர் சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறார். போன வாரம் விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்கு பைக்கில் போனவர், ராத்திரி குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். ஊர் எல்லையில் போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்லியிருக்கிறார்கள். மெஷின் 86 காட்டியதாம். லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். கோர்ட் பக்கம் ஒருவர், '25 ஆயிரம் கொடுங்க, கேஸே இல்லாம பண்ணிடறேன்' என்கிறார். போனில் தேடினால் வக்கீல் நம்பர்களாக வருகிறது. யாரை நம்புவது? வண்டிக்கு இன்னும் இரண்டு வருஷம் டியூ இருக்கிறது.'

- திண்டிவனம் வாசகி

சகோதரி, முதலில் அந்த 25 ஆயிரத்தைப் பத்திரமாக வையுங்கள். 'கேஸே இல்லாமல் செய்கிறேன்' என்பவர் வக்கீலாக இருந்தாலும் சரி, புரோக்கராக இருந்தாலும் சரி, அவரிடம் போகாதீர்கள்.

உங்கள் கணவர் மீதான வழக்கு மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின் கீழ் வரும். 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கும் திருத்தத்தின்படி, முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். ஹெல்மெட் கேஸ் போல ரோட்டிலேயே பணம் கட்டி முடிக்கக் கூடியது அல்ல இது. கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான், பயப்பட வேண்டாம்.

பிடிபட்ட இடம் எந்தக் கோர்ட்டின் எல்லையில் இருக்கிறதோ, அங்கேதான் வழக்கு. வீடு திண்டிவனம் என்பதால் திண்டிவனம் கோர்ட்டுக்கு வராது. ஆகவே மெமோவில் எந்தக் காவல் நிலையம், எந்தக் கோர்ட் என்று பார்த்துவிட்டு, அங்கே தினமும் ஆஜராகும் வக்கீலைத் தேடுங்கள்.

வக்கீல் கட்டாயமா?

முதல் தடவை, விபத்து இல்லை, ஊதிய அளவும் சரி என்றால், அவரே நேரில் ஆஜராகி குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் ஒப்புக்கொள்வது என்றால் தண்டனை பதிவாகிறது என்று அர்த்தம். அடுத்த முறை அது 'இரண்டாவது குற்றம்' ஆகிவிடும். லைசென்ஸை நம்பிப் பிழைப்பவர் என்பதால், ஒப்புக்கொள்ளும் முன் ஒரு வக்கீலிடம் மெமோவையும் மெஷின் சீட்டையும் காட்டிப் பேசிவிடுவது நல்லது. கைது செய்திருந்தால் 2 மணி நேரத்துக்குள் பரிசோதனை நடந்ததா, சீட்டில் நேரம் இருக்கிறதா என்பதையெல்லாம் அவர் பார்ப்பார்.

வக்கீல் கட்டாயம் தேவைப்படும் இடம் வேறு. யாருக்காவது அடிபட்டிருந்தால் கதையே மாறிவிடும். 2006-ல் மும்பை கார்ட்டர் ரோட்டில் குடித்துவிட்டு ஓட்டப்பட்ட கார், நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த 7 பேரின் உயிரைப் பறித்தது. அதை வெறும் கவனக்குறைவு என்று விடாமல், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகவே கருதி, 3 ஆண்டு சிறையை 2012-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

லைசென்ஸ்தான் முக்கியம்

அபராதத்தோடு விஷயம் முடியாது. போலீஸ் வாங்கிய லைசென்ஸ் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகும். வாங்கும்போது தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும் என்கிறது 206-வது பிரிவு. லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் வரை, அல்லது அந்தச் சீட்டில் குறித்த தேதி வரை, அதை வைத்தே அவர் வண்டி ஓட்டலாம். சீட்டு தரவில்லை என்றால் இன்றே ஸ்டேஷனில் போய்க் கேளுங்கள்.

லைசென்ஸைத் தற்காலிகமாக நிறுத்தும் முன் ஆர்.டி.ஓ. அவருடைய விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். நோட்டீஸ் வந்தால் அலட்சியமாக பீரோவில் போட்டுவிடாதீர்கள். முதல் தவறு, விபத்து இல்லை, குடும்பம் இந்த வண்டியை நம்பி இருக்கிறது என்று எழுத்தில் பதில் கொடுத்து, நேரிலும் போகச் சொல்லுங்கள். உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் இங்கேதான் பிரயோஜனப்படும்.

நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் நாட்டில் வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது. ஆன்லைன் தளங்கள் வழியாக ஆள் பிடிப்பதையும் 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. அதனால் போனில் முதலில் வரும் நம்பரை நல்ல வக்கீலின் நம்பர் என்று நினைத்துவிட வேண்டாம்.

* கோர்ட் வளாகத்தில் உள்ள வழக்கறிஞர் சங்கத்தில், மோட்டார் வாகன வழக்குகளை யார் நடத்துகிறார்கள் என்று விசாரியுங்கள்.
* பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். நல்ல வக்கீல் கோபப்பட மாட்டார்.
* மொத்த ஃபீஸ் எவ்வளவு, அபராதம் அதில் சேர்த்தியா என்பதை முதலிலேயே பேசி, ரசீது வாங்குங்கள்.
* வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். வக்காலத்தையும் படித்துப் பார்த்தே போடுங்கள்.

வசதி இல்லையென்றால் 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். விழுப்புரத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், வருமான வரம்புக்குள் வருபவர்கள் எல்லோருக்கும் இலவசமாக வக்கீல் கிடைப்பார். வழக்கு எண் கிடைத்ததும் 'இ-கோர்ட்ஸ்' ஆப்பில் வாய்தா தேதியை நீங்களே பார்க்கலாம். சம்மன் வந்தும் போகாமல் இருந்தால் வாரன்ட் வரும்.

கடைசியாக ஒன்று. போதையில் ஓட்டி லோடு வண்டி இடித்திருந்தால், சொந்த வண்டியின் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காது. டியூவை மட்டும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த முறை பைக்கோடும் 86 என்ற எண்ணோடும் தப்பித்தீர்கள். அடுத்த கல்யாணத்துக்கு இருவரும் பஸ்ஸிலேயே போய் வாருங்கள்.