தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடும் சட்டம்

ஆவடி மார்க்கெட்டிலோ, பூந்தமல்லி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலோ ஒரு ஃபேன்சி ஸ்டோருக்குள் நுழைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வளையலுக்கும் ஸ்டிக்கர் பொட்டுக்கும் நடுவே, 'ஒரே வாரத்தில் நிறம் கூடும்' என்று சொல்லி விற்கப்படும் சிறு டப்பா ஒன்று நம் கைக்கு வருகிறது. அதைத் தயாரித்தவர் யார், எந்த ஊர் என்று நம்மில் எத்தனை பேர் திருப்பிப் பார்க்கிறோம்? அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்துவரும் நம் பெண் பிள்ளைகளுக்கு, விலை குறைவு என்பதே போதுமான காரணமாகி விடுகிறது.

அண்டை மாநிலமான கேரளத்தில் நடந்ததை இங்கே நினைத்துப் பார்ப்பது நல்லது. மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நிறம் கூட்டும் கிரீம் பூசியவர்கள்! காரணம் பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கிறது; ஆகவே முகம் வெளுப்பது உண்மைதான். ஆனால் தோல் வழியே உள்ளே செல்லும் பாதரசம் சிறுநீரகத்தில் தங்குகிறது. கிரீமை நிறுத்தினால் பழைய நிறம் திரும்பிவிடும் என்பதால் நிறுத்தவும் மனம் வருவதில்லை. 2023-ல் கேரள அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளைச் சோதனையிடத் தொடங்கியது. சில மாதிரிகளில், அனுமதித்த அளவைப்போல் 12,000 மடங்கு வரை பாதரசம் இருந்தது தெரியவந்தது.

சட்டம் இல்லாமலா இத்தனையும் நடந்தது? 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் இருக்கிறது. கண்ணுக்கு இடுபவை நீங்கலாக, மற்ற அழகுசாதனங்களில் தற்செயலாகக் கலக்கும் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என 2020-ஆம் ஆண்டின் விதிகள் வரையறுத்தன. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-ல் ஏற்றுக்கொண்டது. பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025-க்குள் அறவே ஒழிப்பதென அதன் உறுப்பு நாடுகள் 2023-ல் ஜெனீவாவில் முடிவெடுத்தன.

ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. கிரீம் தயாரிக்க உரிமம் வேண்டும். இறக்குமதி செய்யப் பதிவு வேண்டும். சில்லறைக் கடையில் விற்க எந்த உரிமமும் வேண்டாம். மருந்துக் கடை என்றால் ஆய்வாளரின் பதிவேட்டில் அதன் பெயர் இருக்கும். விதி மீறினால் உரிமம் போய்விடும் என்ற பயமும் இருக்கும். ஃபேன்சி ஸ்டோரில் போய் மாதிரி எடுக்க ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் எந்தத் தெருவில் எத்தனை கடைகள் என்று அவர் எப்படி அறிவார்? கள்ளத்தனமாக வந்த சரக்கு இந்த இடைவெளியில்தான் நிம்மதியாக விலைபோகிறது. கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மொத்த வியாபாரி கொடுத்ததை அவர் அடுக்கி வைக்கிறார்.

அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவை நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். எந்தக் குடிமகனும், அங்கீகரிக்கப்பட்ட எந்த நுகர்வோர் சங்கமும், உரிய கட்டணம் செலுத்தி ஓர் அழகுசாதனப் பொருளை அரசுப் பகுப்பாய்வாளரின் சோதனைக்கு அனுப்பி, அறிக்கையைக் கையொப்பத்துடன் பெறலாம். ஒரு மகளிர் சுயஉதவிக் குழு நினைத்தால், தங்கள் தெருவில் விற்கும் இரண்டு டப்பாக்களையாவது அனுப்பிவிட முடியும்.

அதற்கு முன்பே செய்யக்கூடியதும் உண்டு. உள்நாட்டுப் பொருளென்றால் லேபிளில் தயாரிப்பு உரிம எண்ணும் முகவரியும், வெளிநாட்டுப் பொருளென்றால் பதிவு எண்ணும் இறக்குமதியாளரின் முகவரியும் இருக்கவேண்டும். இல்லையேல் வாங்காமல் திரும்பிவிடலாம். ஏற்கெனவே பூசி வருபவருக்கு முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்துப் போனால், கிரீமை உடனே நிறுத்திவிட்டு, டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகவேண்டும். சீக்கிரம் நிறுத்தியவர்களில் பலர் தேறியிருக்கிறார்கள். பார்லரில் பெரிய டப்பாவிலிருந்து வழித்துக் கொடுக்கும் கிரீமுக்கோ லேபிளே கிடையாது. எதிலிருந்து எடுத்தது என்று அங்கே கேட்டுத்தான் ஆகவேண்டும்.