கைகாட்டி வந்து சேரும் வழி

சாலை ஓரத்தில் நிற்கும் கைகாட்டியிடம் வழி கேட்கிறோம். அது எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. கிடங்கில் எத்தனை பலகை இருக்கிறது, எந்த லாரியில் ஏறுகிறது, எந்தக் கம்பத்துக்குப் போகிறது என்பதெல்லாம் குமாஸ்தாக்களின் விவகாரம் என்று தள்ளிவிடுகிறோம். ஆனால், ஒரு தேசம் முழுவதும் அந்தக் குமாஸ்தா விவகாரத்தையே நம்பிச் சாலையில் இறங்கிய நாள் ஒன்று உண்டு.

ஸ்வீடன் தேசத்தில் 1967-ஆம் வருஷம் வரையில், நம் நாட்டில் போலவே, வண்டிகள் இடது பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. அண்டை நாடுகளான நார்வேயிலும் பின்லாந்திலும் வலது பக்கம். 1955-ல் ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டபோது, நூற்றுக்கு 83 பேர் மாற்றம் வேண்டாம் என்றார்கள். ஆயினும் 1963-ல் பார்லிமெண்டு மாற்றத்தை அங்கீகரித்தது. (ஜனங்களைக் கேட்பதும், கேட்டதை மறப்பதும் எல்லாத் தேசங்களுக்கும் பொது போலும்!) நாளும் குறித்தாயிற்று: 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, காலை 5 மணி.

பிறகுதான் சங்கடம். மாற்ற வேண்டிய பலகைகள் சுமார் 3,60,000. முன்னாலேயே மாற்றினால், இடது பக்கம் போகிறவனுக்கு வலது பக்கத்துச் சட்டத்தைச் சொல்லி ஆபத்தில் தள்ளிவிடும். பின்னால் மாற்றலாம் என்றாலோ அதே கதி.

அவர்கள் கையாண்ட உபாயம் எளியது. முன்கூட்டிச் செய்யக்கூடியதைச் செய்து, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டார்கள். நாற்சந்திகளில் புதிய கம்பங்களையும் விளக்குகளையும் நட்டுக் கறுப்புப் பிளாஸ்டிக் உறையிட்டு மூடினார்கள். சாலையில் புதிய வெள்ளைக் கோடுகளைத் தீட்டி, மேலே கறுப்பு நாடாவை ஒட்டினார்கள். அன்று அதிகாலையில் உறையை உரிப்பதும் நாடாவைக் கிழிப்பதுமே மிச்சம். பலகைகளை மாற்றும் வேலைதான் பெரும்பாலும் கடைசி நாளிலும் இரவிலும் வந்து விழுந்தது. தொழிலாளர்களோடு பட்டாளத்தாரும் இறங்கினார்கள். இரவு 1 மணி முதல் அவசியமில்லாத வண்டிகள் ஓடக் கூடாதென்று உத்தரவு. 4.50-க்கு, ஓடிய சில வண்டிகளும் நின்று, மெதுவாகப் பக்கம் மாறி, மறுபடியும் நின்று, 5 மணிக்குப் புறப்பட்டன. மறுநாள் திங்கட்கிழமை பதிவான விபத்துக்கள் 125. முந்திய திங்கட்கிழமைகளில் 130 முதல் 198 வரை இருந்தன. அந்த 125-ல் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

பட்டாளத்தாரைப் புகழ்வது சுலபம். எனக்கோ அந்த 3,60,000 என்ற எண்ணின் மேல்தான் ஆச்சரியம். எங்கே எந்தப் பலகை நிற்கிறது என்று யாரோ ஊர் ஊராக எண்ணி ஜாபிதா எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த மூலைக்கு எத்தனை ஆளை அனுப்புவது?

அத்தகைய பெருநாள் எங்கும் அடிக்கடி வருவதில்லை. லாரி மோதி ஒரு வளைவுப் பலகை சாய்வதோ அன்றாட விஷயம். மாற்றுப் பலகை வரும் வரையில், இரவில் அவ்வழியே வருகிறவன் பாடு ஆண்டவன் பாடு. வளைவு, பள்ளிக்கூடம், "நில்" முதலிய பலகைகள் எல்லா ஊருக்கும் ஒன்றே. அவற்றை வட்டாரக் கிடங்குகளிலேயே கையிருப்பாக வைத்திருக்கலாம். ஊர்ப் பெயரும் தூரமும் எழுதிய பலகை ஓர் இடத்துக்கே உரியது. அதற்கு அளவும் எழுத்தும் காட்டும் படம் இருந்தால் போதும். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதும் கிடங்கில் வேண்டாதது மலையாய்க் குவிந்திருக்கும்; வேண்டியது இராது. பலகை வந்து திருகாணி வராத வேடிக்கையும் உண்டு. ஒவ்வோர் இடத்துக்கும் உரிய கம்பம், பலகை, திருகாணி மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி, கடைசியில் நட வேண்டியதை லாரியில் முதலில் ஏற்றினால் பாதித் தாமதம் தீரும்.

பலகையின் முகத்தில் ஒட்டியிருக்கும் தாள்தான் வண்டி விளக்கின் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஈரத்தோடு ஒன்றன் மேல் ஒன்றாய்ப் படுக்கவைத்தால் அது கெட்டுவிடும். உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைக்க வேண்டும். கெட்ட பலகை பகலில் புதிதாகவே தோன்றும். இரவில் வெறும் தகரம்.

நன்றாக வைத்திருந்தாலும் அந்தத் தாளுக்கு ஆயுள் உண்டு. அமெரிக்காவில் பல இடங்களில் பலகையின் முதுகில் நட்ட தேதியை ஒட்டிவிடுகிறார்கள். எந்தச் சாலையில் எத்தனை பலகைகள் அடுத்த வருஷம் மங்கும் என்பதை அதைக் கொண்டே கணக்கிடலாம். அவை மங்குவதற்குள் புதியவை கிடங்குக்கு வந்துவிடும்.