புகை கேட்டோம், மூடி கேட்கவில்லை

2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்தபோது தெருவுக்கு வந்தோம். அதே மாதக் கடைசியில் அமோனியா கசிந்து பெரியகுப்பம் நடுராத்திரியில் எழுந்து ஓடியபோதும் வந்தோம். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் தினமும் கடிக்கிற கொசுவுக்கு மட்டும் நம்மிடம் ஒரே கோரிக்கைதான்: புகை வண்டி அனுப்புங்கள்.

வண்டி வந்தது. பறந்துகொண்டிருந்த கொசுவில் ஒரு பங்கு செத்தது. சாகாதது முட்டையிட்டது. அதன் பிள்ளைகளுக்கும் அதே மருந்தையே கேட்டோம். வீட்டுக்குள் கொசுவத்தியும் திரவ மருந்தும் வருஷம் முழுக்க எரிந்தன.

மருந்தைத் தாங்கும் சக்தி கொசுவுக்குச் சும்மா கிடைப்பதில்லை. தண்ணீரில் ஊற்றும் டெமிபாஸும் புகையில் வரும் மாலத்தியானும் கொசுவின் நரம்பிலுள்ள ஒரு நொதியை முடக்கிக் கொல்பவை. அந்த நொதி உருமாறிய கொசு பிழைத்துக்கொள்கிறது. ஆனால் உருமாறிய நொதிக்குப் பழைய வேகம் இல்லை. பிரான்சில் மோன்பெலியே கடற்கரையோரம் 1960களின் கடைசியிலிருந்து இந்த வகை மருந்துகளைத் தெளித்தார்கள். தெளித்த கரையோரத்தில் எதிர்ப்புக் கொசு பெருகியது. மருந்து படாத உட்பகுதிக்குப் போகப்போகக் குறைந்தது. குகைகளில் குளிர்காலத்தைக் கழித்த கொசுக்களில் எதிர்ப்புள்ளவையே அதிகம் மடிந்தன. அவற்றின் புழுக்கள் இரைதேடும் நீர்ப்பூச்சிகளிடமும் எளிதாகச் சிக்கின. மருந்து இல்லாத தண்ணீரில் பழைய கொசுவே ஜெயிக்கிறது.

வடசென்னையில் குளிர்காலம் கிடையாது. கொசுவுக்குக் கஷ்டகாலத்தை நாம்தான் உண்டாக்கியிருக்க வேண்டும். கிணற்றில் மீன் விட்டு, தொட்டியை மூடி, மருந்தை மாற்றி, சில காலம் நிறுத்தி, எதிர்ப்புக் கொசுவை அதன் பலவீனத்தோடு தனியே விட்டிருக்க வேண்டும். நாம் விடவில்லை. ஒரே மருந்தை ஓயாமல் கொடுத்து அதன் போட்டியாளர்களை மட்டும் கொன்றோம்.

காசிமேட்டில் எந்தச் சந்திலும் வாசலில் ஒரு நீல டிரம்மைப் பார்க்கலாம். கம்பெனியிலிருந்து வந்த பழைய ரசாயன டிரம். மேலே பாதி மறைக்கிற ஒரு பலகை. குனிந்து பார்த்தால் சில சமயம் நீர்மட்டத்தோடு ஒட்டித் துரும்பு மாதிரி புழுக்கள் படுத்திருக்கும். விரலால் தட்டினால் சட்டென்று உள்ளே இறங்கும். தலைகீழாகத் தொங்கினால் அது சாக்கடைக் கொசுவான க்யூலெக்ஸின் புழுவாகவோ ஏடிஸின் புழுவாகவோ இருக்கும். படுத்திருப்பது அனாபிலிஸ், சென்னையில் மலேரியா பரப்பும் ஸ்டீபன்சி அந்த வகைதான். குழாயில் தினமும் தண்ணீர் வராத தெருவில் டிரம் வைக்காதே என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் வலை கட்டிய மூடி வேண்டுமென்று எந்த வார்டிலும் மறியல் செய்திருக்கலாமே. மாடியில் மூடி உடைந்த சின்டெக்ஸ் தொட்டியைச் சரிசெய்ய மறியல்கூடத் தேவையில்லை.

ஒரே நஞ்சை ஓயாமல் கொடுத்து எதிர்ப்பை வளர்த்ததைப் பருத்தி விவசாயிகளும் செய்தார்கள். காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும் பி.டி. விதை 450 கிராமோடு 120 கிராம் சாதா விதைப் பொட்டலமும் கொடுத்தார்கள். வயலைச் சுற்றி அதை விதைத்தால், நஞ்சைத் தாங்காத புழுவும் அங்கே பிழைத்து, அந்துப்பூச்சியாகி, தாங்கும் பூச்சியோடு கூடி, எதிர்ப்பு நீர்த்துப்போகும். பலரும் அந்தப் பொட்டலத்தை விதைக்கவே இல்லை. குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி.யைத் தாண்டிவிட்டது என்ற அறிவிப்பு 2010இல் வந்தது. அவர்களைக் குறைசொல்ல நமக்குத் தகுதியில்லை.

துறைமுகத்துக்காரர்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. க்யூலெக்ஸின் எதிர்ப்பு மரபணு ஒன்று கண்டம் விட்டுக் கண்டம் பரவியிருப்பதை 1991இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கப்பலும் விமானமும்தான் அதைச் சுமந்திருக்க வேண்டும். ஸ்டீபன்சி 2012இல் ஜிபூட்டியில் தென்பட்டது. மலேரியா ஒழிந்த நாடு என்று இலங்கை சான்று பெற்ற 2016ஆம் ஆண்டிலேயே மன்னாரிலும்.

தாமதிக்கவும் நேரமில்லை. அந்த நரம்பு நொதியின் பழைய மரபணுவையும் உருமாறியதையும் சேர்த்தே சுமக்கும் கொசுக்கள் மோன்பெலியேயில் தோன்றிவிட்டன. அவற்றுக்கு எதிர்ப்பினால் வரும் நஷ்டம் குறைவு. பலவீனம் இருக்கும்போதே அடிக்க வேண்டும்.

எந்த மருந்து இன்னும் வேலை செய்கிறது என்று கண்டறியும் சோதனை எளிது. மருந்து தடவிய தாள் சுற்றிய குழாயில் கொசுக்களை ஒரு மணி நேரம் வைத்து, 24 மணி நேரம் கழித்துச் செத்தவற்றை எண்ணுவார்கள். 98 சதவீதமோ அதற்கு மேலோ செத்தால் மருந்து பலிக்கிறது. 90க்குக் கீழே போனால் எதிர்ப்பு உறுதி. நம் வார்டுக் கொசுவுக்கு அந்த எண் என்ன? ஏரியா சபைக் கூட்டங்களில் விளக்கு கேட்டோம், ரோடு கேட்டோம், புகை கேட்டோம். அடுத்த கூட்டத்தில் இந்த எண்ணையும், வீட்டு டிரம்களுக்கு மூடியையும், கிணறுகளுக்கு மீனையும் எழுத்தில் கேட்போம்.