கதவு திறந்த மண்டபம்

மாணவர்களே! ஒருவன் உயர்ந்த பின்னர் அவனைப் பாராட்டுதல் எவர்க்கும் எளிது. அவன் உயர்வதற்கு முன்னர் அவனுக்கு இடங்கொடுத்தலே அரிது. உலகம் பெரும்பாலும் முன்னதைச் செய்து மகிழ்கின்றது, பின்னதை மறந்துவிடுகின்றது. அங்ஙனம் மறத்தல் தகாது என்பதே என் கருத்து. அதற்குச் சான்றாக, இறகுப் பந்தாட்டத்தில் புகழ்பெற்ற பிரகாஷ் படுகோன் அவர்களின் இளமைப் பருவத்தை எடுத்துக்கொள்வோம்.

இறகுப் பந்தாட்டம் பார்வைக்கு எளியது. ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடுங்கால் களத்தின் நீளம் 44 அடி. அகலம் 17 அடி. களத்தின் நடுவே ஐந்தடி உயரத்தில் வலை கட்டப்பெற்றிருக்கும். தக்கையிற் செருகிய 16 இறகுகளே பந்து. அதன் எடை ஏறத்தாழ 5 கிராம். இத்துணை நொய்ய பொருள் சிறு காற்றுக்கும் நெறி மாறிவிடும். ஆதலின், இவ்வாட்டத்தை முறையாகப் பயில்வோர்க்குத் திறந்தவெளி பயன்படாது. உயர்ந்த கூரையும் சுற்றுச் சுவரும் உடைய கூடம் வேண்டும். ஓட்டம் பயில்வோனுக்குத் தெருவே போதும். பந்து உதைப்போனுக்கு ஊர்ப்புறத்துத் தரிசு நிலம் போதும். இறகுப் பந்து பயில்வோனுக்கோ கூடம் இன்றியமையாதது. எளிய குடும்பத்துப் பிள்ளைகட்கு இடர் தொடங்குவது இவ்விடத்தேதான்.

பிரகாஷ் 1955ஆம் ஆண்டு சூன் திங்கள் 10ஆம் நாள் பிறந்தார்; பெங்களூரில் மல்லேசுவரம் என்னும் பகுதியில் வளர்ந்தார். அவர் தந்தையார் இரமேஷ் படுகோன், மைசூர் இறகுப் பந்துக் கழகத்தின் செயலாளராகப் பல்லாண்டு பணியாற்றியவர். எனினும், அக்காலத்தில் அங்கே இவ்வாட்டத்திற்கெனக் கட்டப்பெற்ற அரங்கு இல்லை. வீட்டிற்கு அருகில் கனரா யூனியன் என்னும் சங்கத்தின் திருமண மண்டபம் ஒன்று இருந்தது. அதுவே ஆடுகளமாயிற்று. பள்ளி விட்டதும் சிறுவர்கள், அன்று அம்மண்டபத்தில் திருமணமோ வேறு விழாவோ உண்டா என்று பார்ப்பார்கள். விழா இல்லையேல் ஓடிச் சென்று மனங்கொண்ட மட்டும் ஆடுவார்கள். விழா உண்டெனில் அன்று ஆட்டம் இல்லை. பிறருடைய மங்கல நாள்களெல்லாம் அச்சிறுவர்கட்கு வெறுநாள்கள் ஆயின!

பிரகாஷ் முதன்முதலில் கலந்துகொண்ட பெரும்போட்டி, மாநில இளையோர்க்கென நடைபெற்றது. அதில் அவர் முதற் சுற்றிலேயே தோற்றார். மாணவர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். முதற் சுற்றில் தோற்ற சிறுவனை நோக்கி, ‘இவனுக்கு இஃது ஏலாது, புத்தகத்தை எடுக்கட்டும்’ என்று வீட்டார் தீர்ப்பளித்திருப்பின் என்ன ஆகியிருக்கும்? அங்ஙனம் யாரும் தீர்ப்பளிக்கவில்லை. மண்டபத்தின் கதவும் மூடப்படவில்லை. இரண்டாண்டு கழித்து அதே மாநிலப் பட்டத்தை அவர் வென்றார். தம் பதினாறாம் அகவையில் நாட்டின் இளையோர் பட்டத்தையும் மூத்தோர் பட்டத்தையும் ஒருங்கே வென்றார். அதன்பின் மூத்தோர் பட்டம் 1979 வரை, தொடர்ந்து ஒன்பது முறை, அவரிடமே இருந்தது. 1978ஆம் ஆண்டு கனடா நாட்டு எட்மண்டனில் நடந்த காமன்வெல்த்து விளையாட்டில் பொற்பதக்கம் பெற்றார். 1980ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், இலண்டன் மாநகரில் நடந்த அனைத்து இங்கிலாந்துப் போட்டியின் இறுதியில், அதற்கு முந்திய இரண்டாண்டும் அப்பட்டத்தை வென்றிருந்த இந்தோனேசிய வீரர் லியம் சுவீ கிங் என்பாரை 15-3, 15-10 என்னும் கணக்கில் வென்றார். அப்பட்டத்தை வென்ற முதல் இந்தியர் அவரே. அப்போது அவருக்கு அகவை இருபத்து நான்கு.

இதைக் கேட்ட சிலர், ‘திருமண மண்டபத்தில் ஆடியே ஒருவர் உலகை வென்றார் அல்லரோ? பின் அரங்குகள் எதற்கு? ஆர்வம் ஒன்றே போதும்’ என்பர். இக்கூற்று பொருந்தாது. மண்டபம் சிறிதாயினும் அஃது இருந்தது. அதைச் சிறுவர்க்குத் திறந்துவிடும் மனமும் பெரியோர்க்கு இருந்தது. அதுவும் இல்லாத ஊர்களில் எத்தனை பேருடைய திறம் எவரும் அறியாமலே மறைந்தது என்பதை யார் கணக்கிட வல்லார்? மேலும், பட்டம் பெற்ற பின்னர்ப் பிரகாஷே சிறந்த பயிற்சியை நாடி டென்மார்க்கு நாட்டிற்குச் சென்று தங்கினார். கூடமும் துணையும் வேண்டா என்று அவர் எண்ணியிருப்பின் அத்துணைத் தொலைவு செல்வானேன்?

வேறு சிலர், ‘ஆடுவோர் அனைவரும் பிரகாஷ் ஆக முடியுமா? தோற்கும் ஆயிரம் பேருக்கு இதனால் என்ன பயன்?’ என்பர். இவ்வினா நேரியது. ஆயிரவருள் ஒருவனே பட்டம் பெறுவான் என்பது உண்மை. ஆயினும், தோற்ற மறுநாள் மட்டையை எடுத்துக்கொண்டு மீண்டும் களத்திற்குச் செல்லும் பழக்கத்தை ஆயிரவரும் பெறலாம். தேர்விலும் தொழிலிலும் இல்வாழ்விலும் உதவும் பழக்கம் அது. பட்டம் ஒருவனுக்கே உரியது. பயிற்சியின் பயனோ ஆடுவார் அனைவர்க்கும் பொது.

இதைக் கூறும் யானும் குற்றமுடையேன். ஆசிரியனாய் இருந்த காலத்தில், தேர்வு நெருங்கும் திங்களில், மாணவரின் விளையாட்டு வேளையை இலக்கணத்திற்கென வாங்கிக்கொண்டதுண்டு. அவர் நலங்கருதியே செய்கின்றேன் என்று எண்ணினேன். சன்னல் வழியே வெறுங்களத்தை நோக்கியிருந்த பிள்ளைகளின் முகங்கள் இன்றும் என் நினைவில் உள்ளன. யான் அன்று மூடியதும் ஒரு மண்டபத்தின் கதவே. இலக்கணத்தை மறுநாளும் கற்பித்திருக்கலாம். ஓடியாடும் இளமையை மறுநாள் தருதல் யாவர்க்கு இயலும்?

பிரகாஷ் தாம் பெற்ற உதவியை மறந்தவர் அல்லர். 1994ஆம் ஆண்டு, விமல் குமார் என்னும் ஆட்டக்காரருடன் சேர்ந்து, பெங்களூரில் இளைஞர்க்கென ஒரு பயிற்சிக் கழகத்தைத் தொடங்கினார். அங்கே பயின்றவருள் ஒருவரான புல்லேல கோபிசந்து 2001ஆம் ஆண்டு அதே அனைத்து இங்கிலாந்துப் பட்டத்தை வென்றார். பின்னர் அவரும் ஐதராபாத்தில் ஒரு பயிற்சிக் கழகம் நிறுவினார். அங்கே பயின்ற சிந்து 2016ஆம் ஆண்டு இரியோ ஒலிம்பிக்கு விளையாட்டில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஒரு கதவு திறந்தது. அதன் வழியே சென்றவர் மற்றொன்றைத் திறந்தார். அதன் வழியே சென்றவர் மேலும் ஒன்றைத் திறந்தார்.

ஆகவே, ஊர்ப் பெரியோரும் பெற்றோரும் ஆசிரியரும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பூட்டிக் கிடக்கும் கூடங்களை மாலைப் பொழுதில் பிள்ளைகட்குத் திறந்துவிடுக. முதல் தோல்வியை முடிந்த தீர்ப்பாகக் கொள்ளாதொழிக. மாணவர்களே, நீங்கள் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. கதவு திறந்திருக்கும் நாளில் ஓடிச் செல்லுங்கள். தோற்ற நாளுக்கு மறுநாளும் செல்லுங்கள். பின்னொரு நாள் திறவுகோல் உங்கள் கைக்கு வரும். அன்று வாயிலில் காத்து நிற்கும் சிறுவரை மறவாதீர்கள்.